ஆள் வராத துண்டுகள்

படகு கரையை நெருங்க நெருங்கப் பச்சை தெரிந்தது. நாகஜோதிக்கு வயிறு எரிந்தது.

சும்மா கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை இல்லை. கதிர் தள்ளி, மணி முற்றத் தொடங்கி, தலை சாய்கிற பச்சை. காலையில் அவள் விட்டுவந்த சேந்தனேந்தலில் உழுத மண் உழுதபடியே காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. ஒரு விதை விழவில்லை. இங்கே மன்னார்க் கரையில் கொக்குகள் நனைந்த காலோடு நடக்கின்றன. இரண்டு ஊருக்கும் தண்ணீர் தருவது நடுக்கடலில் மிதக்கிற ஒரே ஆலைதான். இரண்டு ஊர் வயலையும் பார்த்துக்கொள்வது ஒரே இயந்திர மூளைதான். அப்படியிருக்க ஒரு கரை காய்ந்து மறு கரை செழித்தால், நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அந்தக் கையைப் பிடிக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

கூட்டு வேளாண் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று பெயர்ப் பலகையில் நீட்டி முழக்கியிருப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது வெறும் மண்டலம். கடல் நீரை நன்னீராக்கும் ஆலை நடுவில், அதற்கு மின்சாரம் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து, குழாய்கள் இரண்டு கரைக்கும். உழுவது, விதைப்பது, தண்ணீர் பாய்ச்சுவது எல்லாம் ஆளில்லா வண்டிகள். அவற்றுக்கு மேலே உட்கார்ந்து யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைக்கிற மூளைக்கு ஊரார் வைத்த பெயர் முறைக்காரன். முறைக்காரனை யாரும் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. சில வருடங்கள் இரண்டு கரை விவசாயிகளும் வேலை செய்வதைக் கண்கொட்டாமல் பார்த்துத் தானே பழகிக்கொண்டது.

மண்டல ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு போகம் முழுக்க யார் பேரில் விளைச்சல் விழவில்லையோ, அவர் நிலம் மண்டலத்துக்கே சேரும். அதைப் படித்துக் காட்டியபோது சேந்தனேந்தலில் சிரித்தார்கள். கடலையே காய்ச்சித் தருகிறவன் இருக்கும்போது வயல் எப்படிக் காயும்? அதோடு, மண்டலத்தில் நீர் மேற்பார்வையாளராக வேலையில் சேர்ந்திருந்த நாகஜோதி அந்த ஊர்ப் பெண். அவள் தைரியம் சொன்னாள். ஊர் கையெழுத்துப் போட்டது.

இந்த வருடம் மழை ஏமாற்றியது. போதாக்குறைக்கு ஆலையில் கடற்பாசி அடைத்து, வர வேண்டிய தண்ணீரில் பாதிதான் வந்தது. முறைக்காரன் சேந்தனேந்தலை உழுதது, அப்புறம் அப்படியே கைகழுவிவிட்டது. மிச்சமிருந்த தண்ணீர் மொத்தமும் மன்னாருக்குப் போனது.

விவசாயிகள் சங்கத் தலைவர் பூமிநாதன், நாகஜோதிக்கு அப்பாவின் உடன்பிறந்த தம்பி. சங்கத்து ஆட்களோடு, ஆலைக்கு மின்சாரம் அனுப்புகிற துணைமின் நிலைய வாசலில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்குப் பொழுது சாய்றவரைக்கும் பாப்பேன் ஆத்தா," என்று படகேறும்போது சொல்லியனுப்பினார். "எப்படித் திருடுறாய்ங்கன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. சொன்ன நிமிசம் கரண்டை நிறுத்திருவோம். நீ சொல்லலைனாலும் நிறுத்திருவோம். நம்ம வயக்காடு போறதுன்னா அவுக வயக்காடும் போகட்டும்."

கரையில் ஒரு ஆள் காத்திருந்தான். மெலிந்தவன், வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை. மன்னார்ப் பக்கத்து நீர் மேற்பார்வையாளன் எமிலியாம்பிள்ளை, சுருக்கமாக எமில். திரையில் பலமுறை பார்த்த முகம்தான். நேரில் பார்க்கும்போது இன்னும் கள்ளத்தனமாக இருப்பதாக நாகஜோதிக்குப் பட்டது.

"வாங்கோ மிஸ். கடல் கடுமையா அடிச்சதோ?"

"கடல் ஒண்ணும் பண்ணலை சார்."

அவன் சிரித்தான். என்ன சிரிப்பு? அலுவலகத்தில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணீர் வந்தது. தேநீரில் எதையும் கலந்துவிட மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் அவன் முதல் மிடறு குடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பார்த்தால் அவனும் அவள் குடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தான். கடைசியில் இரண்டும் ஆறி ஆடை கட்டியது.

"பாக்க வேண்டியதை எல்லாம் பாருங்கோ," என்றான். "நாங்கள் ஒண்டிலயும் கை வைக்கேல்ல. தண்ணி தானா வருது. ஏன் வருதெண்டு எங்களுக்கும் தெரியேல்ல."

தெரியாதாம். வருகிற தண்ணீரை ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்கிறவனுக்கு எல்லாம் தெரியும். அவள் குழாய்க் கதவுகளைப் பார்த்தாள், முத்திரைகளைத் தடவிப் பார்த்தாள், மூளைக்குள் போன கட்டளைகளைப் புரட்டினாள். ஒரு கீறல் இல்லை. அவள் எங்கே போனாலும் இரண்டடி பின்னால் அவன் வந்தான். தனியாக விடாதே என்று மேலிடம் சொல்லியிருக்கும்.

இன்னொன்றையும் கவனித்தாள். அவன் திரையில் மன்னார் வயல்கள் எல்லாம் தெரிந்தன. சேந்தனேந்தல் தெரியவில்லை. அவளுடைய திரையிலும் அப்படித்தான், தன் கரை மட்டும் தெரியும். உன் கணக்கை நான் பார்க்கக் கூடாது, என் கணக்கை நீ பார்க்கக் கூடாது என்று இரண்டு அரசும் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. அதில் சந்தேகமில்லை. சந்தேகம் வேறு இடத்தில் வந்தது. திரையின் வடக்கு மூலையை அவள் பெரிதாக்கப் போகும்போதெல்லாம் எமில் ஏதாவது பேச்சுக் கொடுத்தான்.

"அந்த மூலையில என்ன சார் இருக்கு?"

"அது ஒண்டுமில்ல. பழைய காணி."

அவள் பெரிதாக்கினாள். மூலையில் குட்டிக் குட்டியாகத் துண்டுகள். மற்ற வயல்களில் எல்லாம் உரியவர் பெயர் எழுதியிருந்தது. இந்தத் துண்டுகளில் பெயரில்லை. பெயரில்லாத நிலத்தில் பயிர் பச்சையாக நின்றது.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. தலையில் துவாய் கட்டிய ஒரு பெண், கையில் தாக்கத்தி. நெல் அறுக்கிற வளைந்த கத்திதான், ஆனால் அவள் பிடித்திருந்த பிடி நெல் அறுக்கிற பிடியாக இல்லை.

"இவவோ அளக்க வந்த ஆள்?" என்றாள்.

"றெஜினா அக்கா, நீங்க போங்கோ. நான் கதைக்கிறன்," என்று எமில் எழுந்தான்.

"என்னத்தைக் கதைக்கப் போறாய்? எங்கட காணியைக் கூறு போட்டு வைச்சிட்டு, இப்ப ஆளையும் அனுப்பியிருக்கினம்." றெஜினா நாகஜோதியை நேராகப் பார்த்தாள். "உங்கட ஆக்கள்தானே மிசினுக்குச் சொல்லிக் குடுத்தது? என்ர வயலில மூண்டில ஒரு பங்கு போயிட்டுது. எல்லாற்ற வயலிலயும் வெட்டி எடுத்து, அங்க ஒரு மூலையில துண்டு துண்டா வரம்பு கட்டி வைச்சிருக்கு. ஆருக்கு? உங்களுக்குத்தானே?"

நாகஜோதி எமிலைப் பார்த்தாள். எமில் தரையைப் பார்த்தான். மறைக்க ஏதோ இருக்கிறது என்று அவள் நினைத்தது சரி. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு தலைகீழாக இருந்தது. திருட்டுக் கொடுத்தவள் வந்து நிற்க, திருடியவர்கள் திருடி என்கிறார்கள்.

"வாங்க, காட்டுங்க," என்றாள். "நானும் பாக்கணும்."

வயலுக்குப் போகிற வழியெல்லாம் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் யார் என்று கேட்கவில்லை. றெஜினாவின் வயலை முதலில் கடந்தார்கள். அதன் மூலையில் ஒரு சின்னச் சதுரம் விதைக்காமல் வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு கவிழ்த்த வாளியும் ஒரு பழைய குடையும். அங்கே உட்கார்ந்துதான் அவள் வடக்கு மூலையைக் காவல் காக்கிறாளாம். "காவலுக்கு எண்டில்ல, எப்பவும் இப்பிடித்தான் விடுவன். குந்தி இருக்க ஒரு இடம் வேணுமெல்லே," என்றாள். பெயரில்லாத துண்டுகளில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்க்க ஊரே முறை போட்டுக் காத்திருந்தது.

"ஆரெண்டாலும் இறங்கட்டும். காலை முறிப்பம்."

நாகஜோதி இறங்கினாள். றெஜினா தாக்கத்தியை இறுக்கிப் பிடித்தாள், ஆனால் ஒன்றும் செய்யவில்லை.

பக்கத்து வயல்களில் மன்னார்க்காரர்களின் வெள்ளைச் சம்பா. இந்தத் துண்டுகளில் நின்றது வேறு பயிர். கதிரைக் கையில் வாங்கினாள். ஒரு மணியை நகத்தால் உரித்தாள். உள்ளே அரிசி சிவப்பாக இருந்தது. சித்திரைக்கார். சேந்தனேந்தலில் காலங்காலமாக விதைக்கிற நெல். மண்டலத்தின் பொது விதைக் கிடங்கில் ஊரார் கொடுத்து வைத்திருந்த அதே விதை.

ஆக, தண்ணீரை மட்டும் திருடவில்லை. விதையையும் திருடி, பெயர் போடாமல் ஒளித்து விதைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் போனை எடுத்தாள். முதல் மணியிலேயே பூமிநாதன் எடுத்தார்.

"சொல்லு ஆத்தா."

"சித்தப்பா, நம்ம சித்திரைக்கார் நெல்லை இங்க வெதச்சிருக்காய்ங்க."

"நான் சொல்லலை? திருட்டுப் பயலுக. நிறுத்திரவா?"

நிறுத்துங்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்த வரப்பு கண்ணில் பட்டது.

துண்டுகளுக்கிடையே வரப்புகள் எல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. இயந்திரம் கட்டிய வரப்பு வேறு எப்படி இருக்கும்? ஒன்று மட்டும் நடுவில் தொந்தி தள்ளிப் பக்கத்துத் துண்டுக்குள் ஒரு முழம் புகுந்திருந்தது. பக்கத்துத் துண்டு அந்த இடத்தில் இடுப்பொடிந்து குறுகியிருந்தது.

அந்தத் தொந்தியை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சேந்தனேந்தலில் பூமிநாதன் வயலுக்கும் அவள் அப்பா வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பு அது. ஒவ்வொரு உழவுக்கும் பூமிநாதன் மண்வெட்டியோடு வரப்பு ஒதுக்குவார். ஒதுக்குவது என்றால் அண்ணன் பக்கம் ஒதுக்குவது. ஒரு தடவைக்கு நாலு விரல், யாரும் பார்த்தால் வரப்பைச் செப்பனிடுகிறார் என்றுதான் தோன்றும். அப்பா கயிறு பிடித்து அளந்து, பஞ்சாயத்து வைத்து, பொங்கலுக்குப் பேசாமல் இருந்து, எல்லாம் செய்து பார்த்துவிட்டார். வரப்பு நகர்ந்துகொண்டேதான் இருந்தது. முறைக்காரன் அத்தனையையும் பார்த்திருக்கிறது. பூமிநாதன் வயல் என்றால் வரப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கடல் தாண்டி வந்து, மண்ணைக் குழைத்து, அதே தொந்தியை அப்படியே வைத்துக் கட்டியிருக்கிறது.

இது சித்தப்பா வயல். அப்படியென்றால் இந்த இடுப்பொடிந்த துண்டு அவள் அப்பாவுடையது. மறு கரைக்காரர் பெயர் இந்தக் கரைத் திரையில் தெரியாது, அதனால்தான் பெயரில்லாமல் கிடந்தது.

"ஆத்தா? லைன்ல இருக்கியா? நிறுத்திரவா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா. திரும்பக் கூப்பிடுறேன்."

அவள் வரப்பிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. றெஜினா கத்தியைத் தாழ்த்தி, இவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டதா என்பதுபோல் எமிலைப் பார்த்தாள்.

"இந்தத் துண்டுக எங்களுக்குத்தான்," என்றாள் நாகஜோதி, மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு. "ஆனா நாங்க கேக்கலை. சத்தியமா கேக்கலை. ஏன் இப்படிப் பண்ணுச்சுன்னு எனக்குத் தெரியலை."

றெஜினா குனிந்து ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு றெஜினா மெதுவாகக் கேட்டாள்.

"இந்த முறை தண்ணி காணாது எண்டு அதுக்கு முதலே தெரியுமோ எமில்?"

"தெரியும் அக்கா. விதைக்க முந்தியே ஆலைத் தண்ணி பாதியாப் போயிட்டுது."

"அப்ப இது பங்கு வயல்." றெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கட முறைதான் மிஸ். தண்ணி காணாத வருசம் எல்லாற்ற காணியையும் விதைச்சு எல்லாத்தையும் சாகக் குடுக்க மாட்டம். குளத்துக்குக் கிட்ட இருக்கிற காணியில மட்டும் விதைப்பம். அது ஆற்ற காணியா இருந்தாலும் சரி, ஊரில உள்ள எல்லாருக்கும் அதில ஒவ்வொரு துண்டு. கிட்டக் காணிக்காரன் விட்டுக் குடுக்க வேணும். அடுத்த வருசம் அவன்ர காணி அவனுக்கு. ஆனா அது எங்கட ஊருக்க மட்டும். நீங்க எங்கட ஊரோ?"

"அதுக்கு நீங்க வேற ஊர் எண்டு தெரியாது," என்றான் எமில்.

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"குழாயில எந்த இடம் வரைக்கும் இந்தியாவின்ர, எந்த இடத்தில இருந்து எங்கட எண்டு மண்டலக் கூட்டத்தில பேச்சு வந்தது. ஒரு முடிவும் வரேல்ல. முடிவு வரும் மட்டும் மூளையின்ர படத்தில எல்லைக் கோட்டைப் போடாமல் விடுங்கோ எண்டினம். விட்டன். அதுக்குப் பிறகு அதை எல்லாரும் மறந்து போச்சினம். முறைக்காரனுக்குத் தெரியிறது ஒரு தண்ணி, ஒரு ஊர். நடுவில கொஞ்சம் அகலமான வாய்க்கால். அவ்வளவுதான்."

"ஆனா எங்க ஊர்ல வேற முறையாச்சே சார். தண்ணி கொறஞ்சா தலைமடையில இருந்து கடைமடை வரை ஆளுக்கு இத்தனை நேரம்னு விடுவோம். எங்களையும்தான பாத்துப் பழகுச்சு? எங்க முறையை ஏன் விட்டுச்சு?"

கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. முறைக்காரன் பழகிய வருடங்களில் நல்ல மழை. பஞ்சம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை மட்டும் பார்க்க முடியாமல் வாய்விட்டுக் கேட்டது. பூமிநாதன் ஊரைக் கூட்டிச் சொன்னார்: "தண்ணி கொறையும்னு எவனும் வாயத் தொறக்காதீங்க. கொறஞ்சாலும் சமாளிப்பாய்ங்கன்னு பங்கைக் கொறச்சிருவாய்ங்க." எனவே சேந்தனேந்தலே ஒரே குரலில் சொன்னது, எங்கள் ஊரில் தண்ணீர் குறைந்ததே கிடையாது என்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். முறைக்காரன் நம்பியது. பஞ்சத்தில் என்ன செய்வது என்பதை மன்னார்க்காரர்களிடம் மட்டுமே கற்றுக்கொண்டது.

"சரி, எங்களுக்குன்னு வெதச்சுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பங்கு வயலுக்கு ஆரும் வெத்திலை வைச்சுக் கூப்பிடுறேல்ல," என்றாள் றெஜினா. "தண்ணி போற பக்கம் ஆக்கள் தானா வருவினம். அது இவ்வளவு நாளும் உங்களைப் பாத்துக்கொண்டு இருக்குது."

நாகஜோதி அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். களை மண்டிக் கிடந்தது. களை பறிப்பதை மட்டும் முறைக்காரன் மனிதருக்கே விட்டிருந்தது. வருவார்கள் என்று விட்டுவைத்த வேலை.

இப்போது என்ன செய்வது? மின்சாரத்தை நிறுத்தினால் காய்வது சேந்தனேந்தலின் நெல்தான். நிறுத்தாமல், உண்மையை மேலிடத்தில் சொன்னால்? எமில் அதற்கும் பதில் வைத்திருந்தான்.

"அடுத்த நிமிசம் கோட்டைப் போடச் சொல்லுவினம். கோடு விழுந்தால் மூளை தண்ணியைச் சரி பாதியாப் பிரிக்கும். உங்கட பாதி வெறும் மண்ணில ஓடும். எங்கட பாதி காணாது. கதிர் பதராப் போகும், உங்கட துண்டும் சேர்த்து. விளைஞ்சு உங்கட ஆக்களின்ர பேரில விழுந்தால்தான் காணி தப்பும்."

"அப்ப உண்மையை ஊருக்கு மட்டும் சொல்றேன்."

சொன்னவளுக்கே நம்பிக்கையில்லை. இயந்திரம் நம்மை ஒரே ஊர் என்று நினைத்து மன்னார்க்காரன் நிலத்தில் நமக்குப் பங்கு கொடுத்திருக்கிறது என்றால் பூமிநாதன் என்ன சொல்வார்? எவ்வளவு வாங்கினாய் என்று கேட்பார்.

றெஜினா வேறு ஒன்று சொன்னாள். "என்ர பங்கைக் குறைச்சு உங்களுக்குத் தந்திருக்கு. எனக்கு அதில சந்தோசமெண்டு நினைக்காதேங்கோ. ஆனா முறை எண்டா முறைதான். பங்கு வேணுமெண்டா வந்து களை பிடுங்க வேணும். வராத ஆளுக்குப் பங்கில்ல. அதுவும் முறைதான்."

ஆட்கள் வர வேண்டும். நல்லது சொன்னால் வர மாட்டார்கள். எதைச் சொன்னால் விழுந்தடித்து வருவார்கள் என்று நாகஜோதிக்கு நன்றாகத் தெரியும். அவளும் அந்த ஊர்தானே. போனை எடுத்தாள்.

"சித்தப்பா, கரண்டைத் தொட்றாதீங்க. நம்ம நெல்லு இங்க முத்தி நிக்குது. நிறுத்துனா நம்ம நெல்லுதான் சாகும். சும்மா விட்டாலும் இவுக அறுத்துட்டுப் போயிருவாய்ங்க. கடல் தாண்டிவர மண்டல அட்டை வச்சிருக்கவுக எல்லாரையும் கூட்டிட்டு மொதப் படகுல வாங்க. அறுவடை வரைக்கும் கூடவே இருந்து காவல் காக்கணும். ஒரு கதிர் போகக் கூடாது."

அந்தப் பக்கம் ஒரு உறுமல். பிறகு, "படகை நிறுத்தி வைக்கச் சொல்லு," என்று குரல்.

வந்தார்கள். கம்பும் அரிவாளுமாக, திருவிழாக் கூட்டம்போல வந்து இறங்கினார்கள். பூமிநாதன் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராகத் தன் துண்டில் போய் நின்றார். வரப்பைப் பார்த்தவர் குனிந்து அதன் தொந்தியைக் கையால் தடவினார்.

"பாத்தியா ஆத்தா," என்றார் கடைசியில். "வரப்பை மொதக்கொண்டு திருடியிருக்காய்ங்க!"

அப்பா பக்கத்தில் நின்று அந்த வரப்பையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நாகஜோதி அதற்கு முன் பார்த்ததில்லை.

அறுவடை வரை சேந்தனேந்தல்காரர்கள் மன்னார்க்காரர்களைக் காவல் காத்தார்கள். காலை முறிக்க வந்த மன்னார்க்காரர்களை றெஜினா தடுத்துவிட, அவர்கள் சேந்தனேந்தல்காரர்களைக் காவல் காத்தார்கள். சும்மா உட்கார்ந்து காவல் காக்க முடியுமா? அவர்களைப் பார்க்க விடாமல் கண்ணை மறைக்கிற களையை இவர்கள் பிடுங்கினார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க அவர்கள் வரப்போரம் தேத்தண்ணீர்ச் சட்டியோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கொடுத்ததை ஒருவர் குடிக்கச் சில நாளானது. பிறகு குடித்தார்கள். நம்பிக்கை ஒன்றும் வந்துவிடவில்லை. தாகம், அவ்வளவுதான்.

நெல் விளைந்தது. சேந்தனேந்தல்காரர்கள் பேரில் விளைச்சல் விழுந்தது. நிலம் தப்பியது. திருடர்களிடமிருந்து பயிரை மீட்ட கதையைப் பூமிநாதன் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர், மூவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் விளைச்சல் கணக்கு மேலே போனதும் இரண்டு தலைநகரங்களும் விழித்துக்கொண்டன. ஒரு நாட்டுக்காரன் பேரில் இன்னொரு நாட்டில் நெல் எப்படி விளைந்தது? இத்தனை காலம் முடிவாகாத விஷயம் உடனே முடிவானது. குழாயின் நட்டநடுவில் எல்லை. எமிலும் நாகஜோதியும் ஒரே நேரத்தில், ஒருவர் கை வைப்பதை ஒருவர் திரையில் பார்த்தபடி, முறைக்காரனின் படத்தில் கோட்டைப் போட்டார்கள். போட்ட கையோடு நாகஜோதி வெளியே போய்க் கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றாள். தப்பு செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது, வேறு வழி இல்லை என்பதும் தெரிந்தது.

அடுத்த போகத்தில் வானம் பழைய பாக்கியையும் சேர்த்துக் கொட்டியது. மன்னார்ப் பக்கம் குளக்கரை உடைந்து, வயலெல்லாம் மணல் மூடியது. அந்தப் போகம் அங்கே விதைக்க வழியில்லை என்று செய்தி வந்தது. ஒப்பந்தத்தின் அந்த வரி இரண்டு கரைக்கும் பொதுதான். றெஜினாவின் வயல் போகப் போகிறது, எமிலின் ஊரே போகப் போகிறது. கோடு போட்ட கையை நாகஜோதி அடிக்கடி பார்த்துக்கொண்டாள்.

ஒரு காலையில் பூமிநாதன் மண்வெட்டியோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வா ஆத்தா, வந்து பாரு. நம்ம வயலுக்குள்ள எவனோ துண்டு போட்டிருக்கான்!"

ஓடிப் போய்ப் பார்த்தாள். சேந்தனேந்தலின் மேட்டு வயல்களில், ஒவ்வொருவர் நிலத்திலும் கொஞ்சம் வெட்டியெடுத்து, புதிதாகக் குட்டிக் குட்டி வரப்புகள். முளைத்திருந்த நாற்று வெள்ளைச் சம்பா. ஒரு துண்டின் மூலையில் மட்டும் ஒரு சின்னச் சதுரம் விதைக்காமல் விடப்பட்டிருந்தது. கவிழ்த்த வாளி ஒன்று வைக்கிற அளவு இடம்.

"எவன் எறங்குறான்னு பாக்குறேன். காலை ஒடிக்கிறேனா இல்லையா பாரு," என்றார் பூமிநாதன்.

நாகஜோதி தள்ளிப் போய் எமிலைக் கூப்பிட்டாள்.

"சார், கோட்டை அழிச்சிட்டீகளா?"

"நானோ? நீங்கதான் அழிச்சனீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சன்."

ஒருவர் பொய் சொல்கிறார் என்று இன்னொருவர் நினைத்தது போனில்கூடக் கேட்டது. பிறகு எமில் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கோடு இருக்குது மிஸ். ஆனா நாங்கள் போட்ட இடத்தில இல்ல. இப்பத்தான் பழைய படங்களை வைச்சுப் பாத்தன். ஒவ்வொரு நாளும் ஒரு துளி நகர்ந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு. இப்ப தெற்க, வெறுங்கடலில போய் நிக்குது. ரெண்டு கரையும் கோட்டுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் மீன் மட்டும்தான். கோடு போட்ட இடத்திலயே நிக்க வேணுமெண்டு நாங்கள் அதுக்குச் சொல்லேல்ல. ஆனா இப்பிடி மெல்ல மெல்ல நகர்த்த ஆரிட்டப் பழகினதெண்டுதான் எனக்கு விளங்கேல்ல."

நாகஜோதிக்கு விளங்கியது. எதிரே பூமிநாதன், யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணன் பக்கமாக வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நாலு விரல்தான். அவர் தலைக்கு மேலே, வயலைப் பார்த்துக்கொள்ளும் முறைக்காரனின் கண் கம்பத்திலிருந்து ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியலை சார்," என்று சொல்லிவிட்டு அவள் றெஜினாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க சம்பாவைத் திருடி எங்க ஊர்ல வெதச்சிருக்காய்ங்க. பொல்லாத ஆளுக. உங்க ஊர்க்காரவுகளை எல்லாம் கூட்டிட்டு மொதப் படகுல வாங்க. கூடவே இருந்து காவல் காக்கணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நாகஜோதி பயந்தாள். பிறகு றெஜினாவின் குரல் வந்தது.

"தாக்கத்தியோட வரட்டோ?"

"கொண்டாங்க அக்கா," என்றாள் நாகஜோதி. "வாளியையும் கொண்டாங்க."